எடை பார்க்கும் இருக்கை

ஃப்ரண்ட் ராயல் என்ற சிற்றூரைத் தாண்டியதும் ஷெனாண்டோவா தேசியப் பூங்காவின் நுழைவுச் சாவடி வருகிறது. அங்கிருந்து தெற்கே 105 மைலுக்கு, வர்ஜீனியாவின் ப்ளூ ரிட்ஜ் மலைமுகட்டைப் பற்றிக்கொண்டே போகிறது ஸ்கைலைன் சாலை. 1931-இல் வெட்டத் தொடங்கி 1939-இல் முடித்தார்கள். இடப்பக்கம் சரிந்தால் பீட்மாண்ட் சமவெளி, வலப்பக்கம் எட்டிப் பார்த்தால் ஷெனாண்டோவா ஆற்றுப் பள்ளத்தாக்கு. வேக வரம்பு மணிக்கு 35 மைல்தான், அதாவது 56 கிலோமீட்டர். அதற்கு மேல் போக யாருக்கும் மனம் வராது. நாங்கள் போனது அக்டோபரில். மேப்பிள் மரங்கள் சிவந்திருந்தன, ஹிக்கரி மரங்கள் மஞ்சளாகியிருந்தன. ஓக் மட்டும் இன்னும் பச்சையை விட மனமில்லாமல் நின்றது.

தம்பி வண்டி ஓட்டினான். அவன் மனைவியும், குழந்தை இருக்கையில் வார்போட்டு உட்காரவைத்த ஐந்து வயது மகளும், நானும் பின்னால். அம்மா முன்னால். மலைப்பாதை என்றால் அம்மாவுக்கு முன் சீட் என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் பட்ட பாட்டுக்குப் பிறகு வந்தது அது. வெளியே சரியாகத் தெரியவில்லை என்று அம்மா தனக்கு அடியில் ஒரு சின்னத் தலையணையையும் போட்டுக்கொண்டாள்.

சாவடியைத் தாண்டி நாலைந்து வளைவுகூட ஆகியிருக்காது.

"அது என்னடா, நடுவுல மஞ்சளா எரியுது?"

தம்பி எட்டிப் பார்த்தான். "பாசஞ்சர் ஏர்பேக் ஆஃப்னு போட்டிருக்கும்மா. உன் பக்கத்து ஏர்பேக் விரியாதாம்."

"ஏனாம்?"

"நீ சின்னப் பொண்ணுன்னு நினைச்சுடுச்சு."

அம்மாவின் எடை 43 கிலோ. வாகனங்களைப் பற்றிப் பல வருடங்களாக எழுதி வருகிறேன். இந்த விளக்கைப் பற்றிப் படித்திருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன். அது என் அம்மாவைப் பார்த்து எரிவதைக் கண்டபோதுதான் அந்த எண்களுக்கெல்லாம் முகம் வந்தது. அடுத்த காட்சிமுனையில் நிறுத்தச் சொன்னேன். தம்பி மனைவியும் குழந்தையும் பள்ளத்தாக்கைப் பார்க்கப் போனார்கள். நான் முன்பெட்டியைத் திறந்து வண்டியின் கையேட்டை எடுத்தேன்.

அமெரிக்கக் கார்களின் கையேடுகளில் இதற்கென்று ஒரு பகுதியே உண்டு. பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தும் விளக்கு எரிந்தால் என்ன செய்வது என்று வரிசையாகச் சொல்கிறது: வண்டியை அணை. இருக்கைமேல் போட்டிருக்கும் மெத்தை, போர்வை, கூடுதல் உறை எதுவானாலும் எடு. சாய்வை நிமிர்த்து. பயணி இருக்கையின் நடுவில், முதுகு பின்னால் படும்படி, காலை வசதியாக நீட்டி உட்காரட்டும். மறுபடி இயக்கி இரண்டு மூன்று நிமிடம் பொறு. அப்போதும் எரிந்தால் அவரைப் பின்னிருக்கைக்கு மாற்று.

தலையணையை எடுத்தோம். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் 'ஆஃப்' அணைந்து 'ஆன்' வந்தது. "இப்ப பெரியவளாயிட்டேனா?" என்று கேட்டுச் சிரித்தாள். கிளம்பினோம். அடுத்த வளைவில் கதவுக்கு மேலிருக்கும் கைப்பிடியை அம்மா இறுகப் பிடித்துக்கொண்டதும் மறுபடி மஞ்சள்.

இருக்கைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இதில் வியப்பில்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் முறை மாறும். ஒரு வகையில், இருக்கையின் ஸ்பாஞ்சுக்கு அடியில் சிலிகான் ஜெல் நிரப்பிய தட்டையான பை ஒன்று, வெந்நீர்ப் பை மாதிரி, படுத்திருக்கும். ஆள் உட்கார்ந்ததும் ஜெல் அழுந்தும், அந்த அழுத்தத்தைக் குழாய் வழியாக ஒரு சென்சார் அளக்கும். இன்னொரு வகையில் இருக்கையைத் தரையோடு பிணைக்கும் நான்கு மூலைகளிலும் எடை உணரிகள் இருக்கும். பாரம் ஏறும்போது உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அந்த வளைவால் மின்தடை மாறுகிறது, அதை எடையாகக் கணிக்கிறார்கள். நான்கு மூலைகளிலும் தனித்தனியாக அளப்பதால் எடை எவ்வளவு என்பதோடு எந்தப் பக்கம் விழுகிறது என்பதும் தெரியும். ஆள் நுனியில் உட்கார்ந்திருக்கிறாரா, பின்னால் சாய்ந்திருக்கிறாரா என்று கண்டுபிடிக்கலாம். மூன்றாவது வகை, அழுத்தத்தின் வடிவத்தைப் படிக்கும் விரிப்பு. மனிதர் உட்கார்ந்தால் இரண்டு இடுப்பெலும்புகளின் தடம் விழும், குழந்தை இருக்கையை வைத்தால் அதன் விளிம்புகளின் தடம் விழும். நான்காவது வகை எடையைப் பார்ப்பதே இல்லை. இருக்கையைச் சுற்றி மெல்லிய மின்புலத்தை உண்டாக்கி, நீர் நிறைந்த மனித உடல் அதை எப்படி மாற்றுகிறது என்று பார்க்கிறது. பிளாஸ்டிக் குழந்தை இருக்கை அப்படி மாற்றாது. ஆனால் நனைந்த இருக்கை அதைக் குழப்பிவிடும்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது சீட்பெல்ட்டின் அடியில் ஒளிந்திருக்கும் ஒரு சின்னக் கருவி. குழந்தை இருக்கையைக் காரில் கட்டும்போது பெல்ட்டை முழங்காலால் அழுத்தி இறுக்குவார்கள். அந்த இறுக்கத்தில் இருக்கை கீழே அமுங்கி, பத்துக் கிலோ குழந்தை ஒரு பெரியவரின் எடையைக் காட்டிவிடும். அதைப் பிரித்தறியத்தான் பெல்ட் நங்கூரத்தில் இழுவிசையை அளக்கும் சென்சார் வைத்தார்கள். எந்த மனிதரும் தன் இடுப்பில் அவ்வளவு இறுக்கமாக பெல்ட் போட்டுக்கொள்ள மாட்டார். எடையும் அதிகம், பெல்ட்டின் இழுவிசையும் அதிகம் என்றால் அங்கே இருப்பது குழந்தை இருக்கை, ஏர்பேக்கை அணை. குழந்தை இருக்கையை எப்படிக் கட்டுவார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் இது தோன்றியிருக்கும்.

அம்மாவின் எடையும் முழுவதுமாக இருக்கைக்குப் போகவில்லை. காலின் பாரத்தில் ஒரு பங்கு தரைக்குப் போகிறது. கைதாங்கியில் ஊன்றினால் அங்கே கொஞ்சம் போகும். மேலே கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினால் இன்னும் கொஞ்சம். 43 கிலோவிலிருந்து இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் இருக்கைக்கு ஒரு சிறுமிதான் மிஞ்சுகிறாள்.

தார்ன்டன் கணவாய்க்குத் தெற்கே மேரிஸ் ராக் மலையைக் குடைந்த சுரங்கம் வருகிறது. உள்ளே நுழைந்ததும் பின்னால் குழந்தை கூவினாள். இருட்டில் அந்த மஞ்சள் எழுத்துகள் மட்டும் தெளிவாகத் தெரிந்தன. அதன் நிறமும் சட்டத்தில் எழுதப்பட்டதுதான். மஞ்சளாக இருக்க வேண்டும், என்ன வாசகம் வர வேண்டும், ஓட்டுநரும் முன்பயணியும் இருவருமே பார்க்கும் இடத்தில் அமைய வேண்டும். அமெரிக்காவின் 208-ஆம் எண் வாகனப் பாதுகாப்பு விதி இவ்வளவையும் வரையறுக்கிறது.

ஸ்கைலேண்ட் பக்கம், கடல்மட்டத்திலிருந்து 3,680 அடி உயரத்தில், சாலை தன் உச்சியைத் தொடுகிறது. அதைக் கடந்து சற்றுத் தூரம் போயிருப்போம். வலப்பக்கப் புதரிலிருந்து ஒரு வெண்வால் மான் பாய்ந்தது. தம்பி பிரேக்கை மிதித்தான். பெல்ட்கள் எங்களை இழுத்துப் பிடித்தன. மான் எதிர்ப்பக்கச் சரிவில் இறங்கி மறைந்தது. வண்டி நின்றபோது பார்த்தேன், தம்பியின் வலக்கை அம்மாவின் மார்புக்குக் குறுக்கே நீண்டிருந்தது. அவன் யோசித்து நீட்டிய கை இல்லை அது.

ஏர்பேக்கின் கதை இதே போன்ற ஒரு கையிலிருந்துதான் தொடங்கியது. 1952 வசந்தகாலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ப்ளூ ரிட்ஜ் அடங்கிய இதே அப்பலாச்சியன் மலைத்தொடரின் வடக்கே, பென்சில்வேனியாவின் நியூபோர்ட் அருகில் ஜான் ஹெட்ரிக் என்ற பொறியாளர் காரில் போய்க்கொண்டிருந்தார். மனைவியும் ஏழு வயது மகளும் அவரோடு முன்னிருக்கையில். சாலையில் மான் குறுக்கிடுமோ என்று பார்த்துக்கொண்டே போனார்கள். குறுக்கிட்டது ஒரு பெரிய பாறை. வண்டியை ஒடித்துப் பள்ளத்தில் இறக்கிய அந்த நொடியில் கணவனும் மனைவியும் ஒருசேரக் கையை நீட்டி, மகள் டாஷ்போர்டில் மோதாமல் தடுத்தார்கள். யாருக்கும் காயமில்லை. ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அவருக்கு ஒரே யோசனை, அந்தக் கைகளுக்குப் பதிலாக ஒரு பொருளை வைக்க முடியாதா என்று. கடற்படையில் வேலை பார்த்தபோது, அழுத்தக் காற்றில் இயங்கும் டார்பிடோ ஒன்றின் மேல் போர்த்தியிருந்த கான்வாஸ் உறை திடீரென்று ஊதி மேலே பறந்ததை அவர் பார்த்திருந்தார். அதிலிருந்து படம் வரைந்தார். 1953 ஆகஸ்டில் காப்புரிமை கிடைத்தது. ஏறக்குறைய அதே நேரத்தில் ஜெர்மனியில் வால்டர் லிண்டரர் என்பவரும் இதே எண்ணத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். கார் நிறுவனங்கள் அப்போது ஹெட்ரிக்கைக் கண்டுகொள்ளவில்லை.

முன்னிருக்கையில் இருந்த ஒரு குழந்தைக்காகத் தோன்றிய எண்ணம் அது. நாற்பது ஆண்டுகள் கழித்து அந்த இடத்தில் உட்கார்ந்த குழந்தைகளையே அது கொன்றது. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது. 1991-இல் அமெரிக்க நாடாளுமன்றம் எல்லாக் கார்களிலும் முன்னிருக்கை இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயம் என்று சட்டம் செய்தது. 1998 மாடல்களிலிருந்து அது நடைமுறைக்கு வர வேண்டும் என்பதால் அதற்கு முன்பே நிறுவனங்கள் பொருத்தத் தொடங்கின. பெல்ட் போடாத, முழு வளர்ச்சியடைந்த ஓர் ஆணையும் தடுத்து நிறுத்தும் அளவுக்கு அந்தப் பைகள் வேகமாக விரிந்தன. மோதிய பிறகு நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள், மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டக்கூடிய வேகத்தில். பின்நோக்கிய குழந்தை இருக்கையை முன்சீட்டில் வைத்தால், கைக்குழந்தையின் தலை ஏர்பேக் மூடியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கும். பெல்ட் போடாத ஐந்து வயதுக் குழந்தை, மோதலுக்கு முன் பிரேக் போடும்போதே முன்னால் எறியப்பட்டு டாஷ்போர்டில் ஒட்டிக்கொள்ளும். பை விரியும் நேரத்தில் குழந்தை அதன் வாயிலேயே இருக்கும்.

பெரியவர்கள் கதவைத் திறந்து இறங்கி நடந்து போகக்கூடிய சின்ன மோதல்களில் இந்தச் சாவுகள் நடந்தன. 1990-இலிருந்து 2008 வரை குறைவேக விபத்துகளில் முன் ஏர்பேக் விரிந்ததால் 290-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாக அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் பயணிகள், அந்தப் பயணிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குழந்தைகள். 1997-இல் ஏர்பேக்கின் வேகத்தைக் குறைக்க அனுமதித்தார்கள். 1998 தொடக்கத்திலிருந்து, தேவைப்பட்டவர்கள் அனுமதி பெற்று அணைக்கும் சுவிட்ச் பொருத்திக்கொள்ளலாம் என்றார்கள். 2000 மே மாதம் புதிய விதி வந்தது. யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்து ஏர்பேக் தானே முடிவெடுக்க வேண்டும், அல்லது குழந்தைக்கும் கேடு செய்யாத மென்மையோடு விரிய வேண்டும். 2003 செப்டம்பரில் தொடங்கி 2006 செப்டம்பருக்குள் எல்லாப் புதுக் கார்களிலும் இது வந்துவிட்டது. 290 மரணங்களில் ஏறக்குறைய 90 சதவீதம் 1998-க்கு முன் தயாரான வண்டிகளில் நடந்தவை.

அந்த விதியில்தான் என் அம்மாவின் இடம் இருக்கிறது, அல்லது இல்லாமல் இருக்கிறது. சோதனைக்கு அவர்கள் வைத்திருக்கும் பொம்மைகளில் ஒரு வயது, மூன்று வயது, ஆறு வயதுக் குழந்தைகள் உண்டு. ஆறு வயதுப் பொம்மையின் எடை சுமார் 23 கிலோ. அதுவரைக்கும் ஏர்பேக்கை அணைத்துக் காட்டினால் போதும் என்பது நிறுவனங்கள் அதிகம் எடுத்துக்கொண்ட வழி. அதற்கடுத்தது சிறிய உருவப் பெண் பொம்மை, 49 கிலோ. அவள் உட்கார்ந்தால் ஏர்பேக் தயாராக இருந்தாக வேண்டும். 23-க்கும் 49-க்கும் நடுவே என்ன செய்வது என்று இந்தச் சோதனை கேட்பதில்லை. கோட்டை எங்கே போடுவது என்பது தயாரிப்பாளர் கையில். அமெரிக்கப் பெண்களில் மிகச் சிறிய உடல்வாகு கொண்ட ஐந்து சதவீதத்தினரின் எல்லையாக 49 கிலோவை எடுத்தார்கள். தமிழ்நாட்டில் எழுபதைத் தாண்டிய பெண்களை நினைத்துப் பாருங்கள். என் அம்மா, பெரியம்மா, எதிர்வீட்டு டீச்சர் எல்லோருமே அந்த நடுப்பகுதியில்தான் உட்கார்ந்திருப்பார்கள். மகனையோ மகளையோ பார்க்க அமெரிக்கா வரும் தாய்மாரில் எத்தனை பேருக்கு இந்த விளக்கு எரிந்திருக்கும்! ஏதோ பழுது என்று எண்ணியும், எண்ணாமலும் எத்தனை பேர் கடந்து போயிருப்பார்கள்!

விளக்கு எரிவதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. இலேசான, வளைந்த உடம்புக்கு மிக அருகில் விரியும் ஏர்பேக்கும் ஆபத்துதான். பையின் மூடிக்கும் நெஞ்செலும்புக்கும் நடுவே குறைந்தது 25 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்பது அங்கத்திய அறிவுரை. எனக்குக் கவலை தந்தது அது மாறிமாறி எரிந்ததுதான். கைப்பிடியைப் பிடித்தால் ஒன்று, விட்டால் வேறொன்று. எந்த வளைவில் எந்த நிலை என்று அம்மாவுக்கும் தெரியாது, ஓட்டும் மகனுக்கும் தெரியாது. மென்பொருளும் பிசகலாம். பெரியவர் உட்கார்ந்திருக்கும் இருக்கையைக் காலி என்று எடுத்துக்கொள்ளும் குறைக்காக நிசான் 2014-இல் ஏறக்குறைய பத்து லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இருக்கையின் ஸ்பாஞ்சை மாற்றினாலும், மேலே புது உறை தைத்துப் போட்டாலும், சீட்டுக்கு அடியில் பெரிய பையைத் திணித்து அது கீழிருந்து முட்டினாலும் அளவு மாறும்.

பிக் மெடோஸ் புல்வெளியில் மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். தம்பி மனைவி கட்டிக்கொண்டு வந்த புளியோதரையும் உருளைக்கிழங்குப் பொரியலும். தூரத்தில் மான்கள் இரண்டு, மனிதர்களைப் பொருட்படுத்தாமல் மேய்ந்தன. அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். விரிந்தாலும் பயம், விரியாவிட்டாலும் பயம் என்றால் நான் எதற்கு அங்கே, பின்னால் வந்துவிடுகிறேன் என்றாள். வாந்தி வந்தால் என்ன செய்வது என்று தம்பி தயங்கினான். "இஞ்சி மரப்பா இருக்குடா" என்று அம்மா கைப்பையைத் தட்டிக் காட்டினாள். பேத்தியின் பக்கத்தில் அவள் உட்கார, நான் முன்னால் போனேன். என் பாரம் ஏறியதும் 'ஆன்' வந்தது. பிறகு அது மாறவே இல்லை.

ஸ்விஃப்ட் ரன் கணவாயில் ஸ்கைலைன் சாலையை விட்டுக் கிழக்கே இறங்கினால் ஸ்டானர்ட்ஸ்வில், அதன்பின் ரக்கர்ஸ்வில். இரண்டு நெடுஞ்சாலைகள் வெட்டிக்கொள்ளும், பெட்ரோல் பங்க்குகளும் பழம்பொருள் கடைகளும் உள்ள இடம். பார்த்தால் ஒன்றும் தோன்றாது. ஆனால் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகத்தின் மோதல் சோதனை மையம் இங்கேதான் 1992-இலிருந்து இயங்குகிறது. உலகெங்கும் பார்க்கப்பட்ட ஒரு சோதனை இங்கே 2009-இல் நடந்தது. 1959-ஆம் ஆண்டின் செவ்ரோலெட் பெல் ஏரையும் 2009-இன் செவ்ரோலெட் மாலிபுவையும் தலா மணிக்கு 40 மைல் வேகத்தில் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். பழைய கார்தான் கனமான இரும்பு என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள் அதைப் பார்த்து வாயடைத்துப் போனார்கள். பெல் ஏரின் ஓட்டுநர் அறை அப்படியே நொறுங்கியது. மாலிபுவின் அறை உருக்குலையாமல் நின்றது, அதிலிருந்த பொம்மைக்குக் காலில் காயம் மட்டுமே. நாங்கள் மையத்துக்குள் போகவில்லை. அந்த ஊரைக் கடக்கும்போது தம்பி வேகத்தைக் குறைத்தான். எண்ணற்ற பொம்மைகள் இங்கே மோதியதால் எங்களைப் போன்றவர்கள் உயிரோடு ஊர் சேர்கிறோம் என்ற நன்றி எனக்கு உண்டு.

சார்லட்ஸ்வில்லில் இரவு தங்கினோம். படுக்கப் போகும் முன் அம்மா கேட்டாள், "நம்ம ஊர் கார்லயும் இந்த விளக்கு இருக்காடா?"

பெரும்பாலும் இல்லை. இந்தியாவில் முன்பயணிக்கும் ஏர்பேக் வேண்டும் என்ற விதி 2021 ஏப்ரலில் புதிய மாடல்களுக்கும், அந்த ஆண்டு முடிவில் பழைய மாடல்களுக்கும் வந்தது. சில கார்களில் டாஷ்போர்டின் ஓரத்தில், கதவைத் திறந்தால் மட்டும் தெரியும்படி ஒரு சாவித்துளை இருக்கும். சாவியைத் திருப்பி ஏர்பேக்கை அணைக்கலாம். பல கார்களில் அதுவும் கிடையாது. நம் காரின் முன்சீட்டில் காய்கறிப் பையை வைத்தால் பெல்ட் போடச் சொல்லிக் கீகீ என்று கத்துகிறதே, அதைக் கேட்டு வண்டிக்கு எல்லாம் தெரியும் என்று பலர் நம்புகிறார்கள். அந்தச் சத்தம் 2019 ஜூலையில் கட்டாயமான பெல்ட் எச்சரிக்கை. இருக்கையில் ஏதோ பாரம் இருக்கிறது என்பதோடு அதன் அறிவு முடிந்துவிடும். அது குழந்தையா, பெரியவரா என்று பிரித்துப் பார்க்காது, ஏர்பேக்கை அணைக்கவும் அணைக்காது. மடியில் குழந்தையோடு முன்சீட்டில் உட்கார்ந்து போவதை நம் ஊர்ச் சாலைகளில் தினமும் பார்க்கிறேன். மணிக்கு 50 கிலோமீட்டரில் மோதினால் பத்துக் கிலோ குழந்தை 200 கிலோவாகக் கனக்கும். எந்தத் தாயின் கையும் அதைப் பிடித்து நிறுத்தாது. குழந்தை முன்னால் போகும், ஏர்பேக் பின்னால் வரும். 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ வேண்டும் என்று 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. ஆயிரம் ரூபாய் அபராதமும் உண்டு. அபராதம் கட்டியவர்கள் யாரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

அம்மா உடனே தாம்பரத்தில் இருக்கும் அக்காவுக்குப் போன் போடச் சொன்னாள். அங்கே காலை நேரம். அக்கா பேரனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவனுக்கு ஒன்றரை வயது. மருமகன் கார் ஓட்ட, அக்கா பேரனை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்காருவது எல்லோருக்கும் தெரியும். முழுவதையும் சொன்னேன். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"பின்னாடி வெச்சா அழறான்டா."

"குழந்தை சீட் வாங்கிப் பின்னாடி கட்டுங்கக்கா. நீங்களும் அவன் பக்கத்துலயே உட்காருங்க. ரெண்டு நாள் அழுவான்."

"அப்ப முன்னாடி யார் உட்கார்றது?"

"மாமா உட்காரட்டும். அவர் வரலேன்னா காலியாவே இருக்கட்டும்."

"சரி, சீட்டு எங்க கிடைக்கும்னு மாப்பிள்ளைக்கு வாட்ஸ்அப்புல அனுப்பு" என்றாள் அக்கா. அனுப்பினேன்.